இடது ஓரத்துக் கீ

பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன முதல் மனைவிக்காகத்தான், லேப்டாப்பில் எழுத்தை அழிக்கும் வேலையை இடது ஓரத்து கேப்ஸ் லாக் கீக்கு மாற்றி வைத்திருந்தார் தயாநிதி. அவள் போன பிறகும் அது அப்படியே இருந்தது.

"பெரிய எழுத்துக்கு இதை அமுக்கினா, அடிச்சது அழியுதுங்க," என்றாள் புதிதாக வாழ வந்த மங்களேஸ்வரி. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பழையபடி மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் அவர் ஒரு மெயில் அடித்தபோது, பிழை வந்த இடத்திலெல்லாம் இடது சுண்டுவிரல் ஓரத்துக்கே போனது. எதுவும் அழியவில்லை. துணி மடித்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை திறந்தபோது அந்தக் கீ மறுபடியும் அழித்தது.

"நான்தான் மாத்தினேன்," என்றாள். "உங்க விரலு அங்கதான் போகுது. நான் ஷிப்டை அமுக்கிக்கிறேன்."

அவர் தன் இடது கையை மட்டும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வலக்கையால் அடிக்கத் தொடங்கினார்.