முனியப்பனுக்கு முதல் டம்ளர்

லாரிப்பேட்டை முனியப்பன் கோயில் பூசாரி செங்கோடனுக்குத் தூக்கமே பிடிப்பதில்லை. சித்த வைத்தியர் காய்ந்த சீமைச்சாமந்திப் பூவைக் கொடுத்து, வெந்நீரில் ஊறவைத்துப் படுக்கும் முன் குடிக்கச் சொன்னார். சாமிக்குப் படைக்காமல் செங்கோடன் மாத்திரைகூட விழுங்கியதில்லை. முதல் டம்ளரை முனியப்பனுக்கு வைத்துவிட்டு, அடுத்ததைக் குடித்துப் படுத்தார்.

வெயில் ஏறியபின் லாரிக்காரர்கள் உலுக்கித்தான் எழுப்பினார்கள். வெண்கல மணியைக் காணோம். சாமி கையிலிருந்த அரிவாளையும் காணோம்.

“காவல் தெய்வம்னு கும்புடறோம். இது என்னய்யா பண்ணிக்கிட்டிருந்துச்சு?” என்று லாரி சங்கத் தலைவர் கத்தினார்.

செங்கோடன் அண்ணாந்து பார்த்தார். எந்நேரமும் உருட்டி விழிக்கும் சாமியின் கண்கள் இரண்டும் மூடியிருந்தன. காலடியில் டம்ளர் காலியாக இருந்தது.

“மெதுவாப் பேசுங்க தலைவரே,” என்று கிசுகிசுத்தார். “செல வெச்ச நாள்ல இருந்து இன்னைக்குத்தான் கண்ணசந்திருக்குது.”