பொருந்திய செல்

வருடத்துக்கு ஒருமுறை மாதங்கியின் இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, மாமியார் ராக்காயியின் முட்டிகளில் ஊசியாகப் போடுவார்கள். அறுவை சிகிச்சை இல்லாமலே ராக்காயி நடந்தாள். வேறு யாருடைய செல்லும் அவளுக்குப் பொருந்தவில்லை.

"நீ போயிட்டா எங்கம்மா முடங்கிருவா" என்பான் கணவன், ஒவ்வொரு முறை அடித்த பிறகும்.

அன்று அவன் வேலைக்குப் போனதும், ராக்காயியே மருமகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் மெல்ல இறங்கினாள். வாசலில் ஆட்டோ நின்றது.

"ஏறுத்தா. எனக்காக அடி வாங்குனது போதும்."

"ஊசி போடுற நாள் வந்துருச்சே, அத்தை?"

"நான் உக்காந்தே காலத்தத் தள்ளிக்கிறேன். நீ போ."

மாதங்கி ஏறினாள். ஆட்டோ நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள். மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றியபடி, திரும்ப ஏற முதல் படியில்கூடக் கால் வைக்க முடியாமல் ராக்காயி நின்றிருந்தாள்.

"வண்டியத் திருப்புங்கண்ணே" என்றாள் மாதங்கி.