வியக்க ஆள் தேவை

“மேலே போனதும் வாயைப் பிளந்தா போதும். பேசினீங்க, குட்டு உடைஞ்சிடும்,” என்றார் ஏஜென்ட், லிஃப்டில் ஏறும்போது.

கொத்தனாரின் தோளில் இரவல் கோட்டு தொங்கியது. மனைவி இரவல் கைப்பையைக் குழந்தை மாதிரி அணைத்திருந்தாள். இன்று அவர்கள் வீடு வாங்க வந்த பணக்காரத் தம்பதி. மேலே இன்னும் பல ஜோடிகள், எல்லாம் ஏஜென்ட் பிடித்து வந்தவை.

பக்கத்துக் கட்டடம் பாதியில் நின்று மாதக்கணக்காகிறது. இன்று மேலே வந்திருக்கும் முதலீட்டாளர்கள் பணம் போட்டால்தான் கொத்தனாருக்கு மறுபடி வேலை. இல்லாவிட்டால் இந்தக் கோட்டுக்குள் அவர் ஏன் நுழையப்போகிறார்?

நாற்பதாவது மாடியின் கண்ணாடிக்கு அப்பால் நகரம் விரிந்தது. பாலத்தின் மேல் பாலம், அதற்கும் மேல் ஒரு ரயில். கட்டடங்களுக்கு நடுவே மேகம் ஒன்று வழி தெரியாமல் நின்றது. மனைவிக்கு நடிப்பு மறந்துபோனது.

“ஏங்க, இது நம்ம ஊரா?”

கொத்தனார் அவள் காலை மிதித்தார். முதலீட்டாளர்களுக்கு நகரத்தைக் காட்டிக்கொண்டிருந்த கட்டட கம்பெனி மேனேஜருக்கோ அது தேனாக இனித்தது.

“பாத்தீங்களா? இங்கேயே இருக்கிறவங்களுக்கே நம்ப முடியல,” என்று முதலீட்டாளர்கள் பக்கம் திரும்பினார். சில வருஷம் முன்னால் இங்கே தவளைதான் கத்தியது என்றார். இன்று உலகமே நம் வாசலில் நிற்கிறது என்றார். மூச்சுக்கு மூச்சு வளர்ச்சி என்று சொல்லி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்தார்.

முதலீட்டாளர்கள் மூவரும் வாயே திறக்கவில்லை. பெரிய பணக்காரர்கள் அப்படித்தான் என்று அறையே மரியாதையாக அமைதி காத்தது. மூத்தவர் மட்டும் கூட்டத்தையும் நகரத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மெல்லத் தலையாட்டி, மேனேஜரின் கையைக் குலுக்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கொத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே, கார் நிறுத்துமிடத்தில், ஏஜென்ட் விரித்த சாக்குப் பைக்குள் கைப்பையும் கோட்டும் போயின.

“அழச் சொல்லி நான் கேக்கவே இல்லையே?”

“அது நடிப்பு இல்லண்ணே. வேலை வரப்போகுதுல்ல,” என்றார் கொத்தனார்.

லிஃப்ட் மறுபடி திறந்தது. முதலீட்டாளர்கள் மூவரும் இறங்கி வந்தார்கள். கொத்தனார் பதறிப்போய் மனைவியை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிந்தார்.

மூத்தவர் நேராக ஏஜென்டிடம் வந்தார். டையைக் கழற்றி அதே சாக்குப் பைக்குள் போட்டார்.

“நீங்க சொன்ன மாதிரி வாயே திறக்கலண்ணே. ஆனா மேலே எத்தனை பணக்காரங்க வீடு வாங்க நிக்கிறாங்க! பக்கத்துக் கட்டட வேலை ஆரம்பிச்சதும் எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க, நாங்களும் கொத்தனாருங்கதான்.”