குழிக்குள் சுழல்கிறவை

மீட்டர் மறுபடியும் மைனஸ் காட்டியது. அந்த ஆய்வகத்தில் மைனஸ் வந்தால் யாரும் யோசிப்பதில்லை. ஒயர்களை இடம் மாற்றிச் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

"மாத்தும்மா," என்றார் பேராசிரியர் தணிகாசலம்.

அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஷமீலா மாற்றவில்லை. அவள் சோதித்துக்கொண்டிருந்த, முடியைவிட மெல்லிய உலோகத் துண்டில் வேற்று அணுக்களின் அழுக்கே கிடையாது. அதில் ஒரு நேரான கால்வாயும், அதன் ஓரத்தில் வட்டமாக ஒரு குழியும் வெட்டி, இரண்டுக்கும் தனித்தனி மீட்டர் வைத்திருந்தாள். அழுக்குள்ள உலோகத்தில் எலக்ட்ரான்கள் தனித்தனியாக அழுக்கில் முட்டி, தள்ளின பக்கம் போகும். இதில் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆற்றுத் தண்ணீர்போல் கூட்டமாகப் போயின. குழிக்குள் நுழைந்தவை சுழித்துக்கொண்டு, பேட்டரி தள்ளுகிற திசைக்கு எதிராகத் திரும்பின; அதனால்தான் குழியின் மீட்டர் மைனஸ் காட்டியது.

"கரண்ட் எங்கயாவது திரும்பி ஓடுமா? மைனஸோட வந்தா உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார்.

"சரி சார், மாத்துறேன்." பேட்டரி ஒயர்களைப் பிடுங்கி மாற்றிச் செருகினாள். குழியின் மீட்டர் ப்ளஸுக்கு வந்தது. அவர் முகம் மலர்ந்தது. அவள் கால்வாயின் மீட்டரைக் காட்டினாள். அதுவரை ப்ளஸ் காட்டிய அது இப்போது மைனஸுக்குப் போயிருந்தது.

அவர் இரண்டு மீட்டர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "வேற துண்டு வை. கொஞ்சம் அழுக்கு இருக்குற துண்டாப் பாத்து."

"அதுன்னா நீங்க சொன்னபடி கேக்கும் சார்," என்றாள். ஒயர்களைப் பழையபடியே செருகினாள். குழியின் மீட்டரை, மைனஸ் நன்றாகத் தெரியும்படி, அவர் நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தாள்.