விசிலடிக்கும் மைக்

நையாண்டி பேசினால் விசிலடித்துக் காட்டிக்கொடுக்கும் மைக்தான் எல்லா மேடையிலும் இருக்க வேண்டும் என்று அமைச்சர் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து, நையாண்டிப் பேச்சாளர் தமயந்தியின் பிழைப்பில் மண். "நம்ம அமைச்சர் ரொம்ப நல்லவர்" என்று அவள் ஆரம்பித்தாலே விசில் பறக்கும்.

அன்று பாலத் திறப்பு விழா. அமைச்சர் மைக்கைப் பிடித்து, "நான் உங்கள் ஏழைத் தொண்டன்" என்றதுதான் தாமதம், விசில் காதைக் கிழித்தது. "கமிஷனே வாங்காமல் கட்டிய பாலம்" என்றார். அதற்கும் விசில். கூட்டமும் சேர்ந்து விசிலடிக்க, தமயந்தி சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்தாள்.

மறுநாள் அமைச்சரே அவள் வீட்டு வாசலில் நின்றார். "விசில் வராத மாதிரி ஒரு பேச்சு எழுதிக் குடும்மா."

"உண்மையை மட்டும் பேசுங்க ஐயா, மைக் கம்முனு கிடக்கும்."

அமைச்சர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேற வழியே இல்லையாம்மா?"