நூற்று நான்கு

அவர் என் தலைமுடியைப் பிடித்து, கட்டில் கம்பியில் என் வாயை இடித்தார்.

முதல் இடியில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் முன்பல் ஆடியது. மூன்றாவது இடிக்குள் செக்யூரிட்டி டக் ஓடிவந்து அவர்மேல் விழுந்தான். டக் மலை மாதிரி ஆள். அவனையே அவர் ஒரு முழங்கையால் சுவரோரம் தள்ளினார்.

பெயர் ஆர்லோ பிக்கெட். அறுபது வயது. சூப்பர் மார்க்கெட் வாசலில் வரிசையாக நின்ற தள்ளுவண்டிகள்மேல் காரை ஏற்றிவிட்டார், பேச்சு குழறுகிறது, பட்டப்பகலிலேயே குடித்திருக்கிறார் என்று சொல்லி, போலீஸ்காரர்கள் அவரை எங்கள் ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் விட்டுப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அதுவரைக்கும் எனக்கு அது நல்ல நாள்.

நான் அங்கே டெக்னீஷியன். ரத்த அழுத்தம் பார்ப்பது, சுகர் பார்ப்பது, வாந்தி துடைப்பது, அடி வாங்குவது எல்லாம் என் வேலை. டாக்டருக்கு அடுத்த நிலையில் வைத்தியம் பார்க்கிற பிஸிஷியன் அசிஸ்டென்ட் வேலைக்கான படிப்புக்கு மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். நோயாளிகளைத் தொட்டு வேலை செய்த மணிநேரம் போதாது என்று இரண்டு வருடம் எல்லாக் கல்லூரிகளும் கதவைச் சாத்தின. நாலாயிரம் மணிநேரம் சேர்த்தேன். மூன்றாம் வருடம் இரண்டு கல்லூரிகள் இடம் கொடுத்துவிட்டன.

ஒன்று இதே ஊரில், ஒஹாயோவில், என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். இன்னொன்று எங்கேயோ நெப்ராஸ்காவில். அன்று மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் அனுப்ப வேண்டும்.

எங்கள் எமர்ஜென்சியின் பிஸிஷியன் அசிஸ்டென்ட் கொரீன்தான் எனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினாள். உள்ளூர்க் கல்லூரியில் பாடமும் எடுக்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று காலையிலேயே திட்டினாள். யோசிக்க ஒன்றுமில்லைதான். ஆனாலும் இரண்டு கடிதங்களையும் போனில் மாற்றி மாற்றித் திறந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. இரண்டு வருடம் பட்டினி கிடந்தவளுக்கு இரண்டு இலை.

இப்போது அந்த போன் கட்டிலுக்கடியில் எங்கோ கிடந்தது.

கொரீன் உள்ளே ஓடிவந்தாள். அவள் முகத்தில் ஒரு உதை விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வழிய, அதைத் துடைக்காமல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். சுகர் நூற்று நான்கு என்று இருந்தது. சரியான அளவு. அப்படியானால் போதைதான், மயக்க ஊசி கொண்டு வா என்று நர்ஸிடம் சொன்னாள்.

நான் அவருடைய இடது கையைக் கட்டிலோடு சேர்த்து என் முழங்காலால் அழுத்தினேன். எனக்குப் பயம் இல்லை, கோபம்தான். வாய் நிறைய ரத்தம். தேவைக்கு மேலேயே அழுத்தினேன். இதை மறைக்கப் போவதில்லை. பச்சைக் கேரட் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவருடைய மணிக்கட்டு.

அவர் கத்தவில்லை. அதுதான் என்னை நிறுத்தியது.

என் முழங்காலுக்கடியில் அந்தக் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. வியர்வை சட்டையைத் தாண்டி மெத்தைவரை ஊறியிருந்தது. விரல்கள் தனித்தனியாக நடுங்கின.

நர்ஸ் ஊசியோடு குனிந்துவிட்டாள்.

"ஊசி போடாதீங்க. சுகர இன்னொரு தடவ பாருங்க."

டக் என்னை முறைத்தான். கொரீன் ஒரு நொடி யோசித்து, தலையசைத்தாள். நர்ஸ் ஓடிப்போய்க் கருவியை எடுத்துவந்து அவர் விரலில் குத்தினாள்.

இருபத்தேழு.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நிமிடத்தில் உடம்பு தளர்ந்தது, கண் தெளிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல அறையைச் சுற்றிப் பார்த்தவர், என் வாயைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஐயோ, யாரும்மா உன்ன இப்படி அடிச்சது?"

என் முகத்தைத் தொடக் கையைத் தூக்கினார். கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரியவில்லை.

கொரீன் என்னை வெளியே இழுத்துப்போய், வாயில் பஞ்சை வைத்து, கட்டிப்பிடித்துக்கொண்டாள். மனுஷன் இன்சுலினைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார், அரை மணி நேரத்துக்குள் நூற்று நான்கு மளமளவென்று இருபத்தேழுக்கு இறங்கிவிட்டது, மயக்க ஊசி ஏறியிருந்தால் அப்படியே தூங்கிச் செத்திருப்பார் என்றாள்.

"திரையில அளவு இருக்கு, நான் நம்பிட்டேன். நீ எடுத்த அளவயே நீ நம்பல பாரு ரோண்டா, அத யாராலயும் சொல்லிக் குடுக்க முடியாது."

செப்டம்பரில் முதல் வகுப்பே இந்தக் கேஸ்தானாம். என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, எழுப்பி நிறுத்தி, அறுபது பேருக்கும் சொல்லப் போகிறாளாம். இனி ஒவ்வொரு வருடமும் சொல்லப் போகிறாளாம்.

மணி நாலு நாற்பது. கட்டிலுக்கடியிலிருந்து போனைத் தேடி எடுத்து, நெப்ராஸ்காவுக்குச் சம்மதம் அனுப்பினேன்.

கொரீனுக்கு அதிர்ச்சி. ஏன் என்று மூன்று தடவை கேட்டாள். வீங்கிய உதட்டைக் காட்டி, பேச முடியவில்லை என்று சைகை செய்தேன்.

நூற்று நான்கு என்று நான் பதிவு செய்தபோது, சுகர் பார்க்கிற கருவி நடைக்கோடியில் சார்ஜில் கிடந்தது. இதைப் படித்து முடித்துவிட்டுப் போய் எடுத்துவரலாம் என்று நினைத்தேன். கையிலிருந்த போனில் உள்ளூர்க் கல்லூரியின் கடிதம் திறந்திருந்தது.