நான்கு சுருட்டு, ஒரு வேப்பிலைக் கொத்து

அன்று பல குடித்தனங்கள் இருந்த அந்த மயிலாப்பூர் ஸ்டோரின் மூன்றாம் நம்பர் போர்ஷனில் இருந்தவர்கள் ஒன்பது பேர். வீட்டுக்குப் பெரியவர் கோதண்டபாணி, அவரோடு சீட்டாட வந்த நண்பர்கள் மூவர், அவர் மகன் வேலாயுதம், அவர் தங்கை காமாக்ஷி, பிள்ளை பெற்று இருபத்திரண்டு நாளான மருமகள் தேவானை, குழந்தை, இருவருக்கும் எண்ணெய் தேய்த்துவிட வரும் ஆயா முத்தம்மா.

ஒரே அறை. நடுவில் ஒரு புடவைத் திரை. இந்தப் பக்கம் சீட்டும் நான்கு சுருட்டும். யுத்த காலத்தில் அரிசிக்குத்தான் பஞ்சம், சுருட்டுக்கு இல்லை. அந்தப் பக்கம் தாயும் பிள்ளையும். புகைக்குத் திரை ஒரு பொருட்டா?

குழந்தை இரண்டு மிடறு குடிக்கும். மூச்சு முட்டி வாயை எடுத்து அழும். பிறந்தபோது எடை ஆறு ராத்தல். நேற்று ஐந்தே கால். இன்னும் இறங்கினால் தாங்காது என்று லேடி டாக்டர் சொல்லியிருந்தாள்.

"பால் கசக்குது. பாகற்காயைத் தின்னிருப்பா," என்றாள் காமாக்ஷி.

"இருபத்திரண்டு நாளா மிளகு ரசமும் சோறுந்தான் அத்தை," என்றாள் தேவானை.

"அப்போ மிளகுதான்."

அதோடு மிளகும் நின்றது.

வேலாயுதம் மெல்லச் சொன்னான்: "புகையில மூக்கு அடைச்சா குழந்தை எப்படிப் பால் குடிக்கும், சுருட்டை வெளியே வச்சுக்கச் சொல்லுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்கப்பா."

"நான் பிறந்தப்போ எங்கப்பா சுருட்டு பிடிக்கலையா? நான் வளரலையா?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கோதண்டபாணி மூன்று தரம் இருமினார். நால்வரும் சிரித்தார்கள். பிறகு நண்பர்களும் இருமினார்கள்.

முத்தம்மா கைநாட்டு. அவளை யாரும் கேட்கவில்லை. தேவானையின் முதுகில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நைனா, இங்க அம்மை முத்து கீது. ஆத்தா இறங்கிட்டா."

சீட்டுகள் கீழே விழுந்தன.

"நல்லாப் பார்த்தியா?"

"மூணு கீது. தலைக்கு மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் வாசல்ல வேப்பல கட்டணும். வெளியாளு ஆகாது, தாளிப்பு ஆகாது. புகைன்னா அவளுக்குக் கட்டோட ஆகாது நைனா. கோச்சுக்குவா."

டாக்டர் பேச்சைக் கேட்டுச் சிரித்த நால்வரில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கு சுருட்டும் ஒரே சொம்புத் தண்ணீரில் அணைந்தன.

நண்பர்கள் மூவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். கோதண்டபாணி தேனாம்பேட்டையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டார். அண்ணனுக்குத் துணையாகக் காமாக்ஷியும் போனாள். வேலாயுதம் வேப்பிலை பறிக்க ஓடினான்.

தேவானை குழந்தையைத் தள்ளிக் கிடத்தினாள். "குழந்தைக்கும் ஒட்டிக்குமா ஆயா?"

முத்தம்மா ஜன்னலை அகலத் திறந்தாள்.

"கொசுக்கடி ஒட்டாது கண்ணு. நீ பாலைக் குடு."

புகை கலைந்த பின் குழந்தை வாய் வைத்தது. எடுக்கவில்லை.

வீட்டில் மீதி மூன்று பேர்.